இரைச்சற் சுவரும் இரவுக் காவலும்

இசை பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் மாற்றத்தையே இசையின் உயிர்நிலையாகக் கொள்கின்றன. ஆரோகண அவரோகணமும், தாளத்தின் எதிர்பார்ப்பும் நிறைவும், தொடக்கமும் முடிவும் இல்லாதவிடத்து இசை உண்டெனக் கூறுவது கீழைத்தேய மரபுக்கோ மேலைத்தேய மரபுக்கோ எளிதில் உடன்பாடாவதன்று. இவை அனைத்தையும் வேண்டுமென்றே விலக்கி எழுந்ததே, மேனாட்டார் 'ஹார்ஷ் நொய்ஸ் வோல்' என வழங்கும் இரைச்சற் சுவர் இசை. இதனை இசையென ஒப்புவதா என்ற வினாவிலும், எவ்வகை வாழ்வனுபவம் இத்தகைய வடிவத்தில் தன்னை இனங்காண்கிறது என்ற வினாவே விமரிசனத்துக்கு முதன்மையானது.

இரைச்சலைக் கலைப்பொருளாக்கும் முயற்சி புதியதன்று. இத்தாலிய ஓவியரான லூயிஜி றுசோலோ 1913இல் எழுதிய 'இரைச்சல்களின் கலை' என்னும் பிரகடனத்தில், இயந்திர யுகத்துச் செவிக்குப் பழைய வாத்தியங்கள் போதா என வாதிட்டார். இரைச்சலெழுப்பும் கருவிகளையும் அமைத்தார். 1975இல் அமெரிக்கரான லூ றீட் 'மெற்றல் மெஷின் மியூசிக்' என்ற இரட்டை இசைத்தட்டைப் பாடலோ தாளமோ இன்றிக் கித்தார்களின் எதிரூட்ட ஒலியால் நிரப்பினார். அதன் நான்காம் பக்கத்தின் ஈற்றில் ஊசி ஒரே சாலிற் சுழன்றுகொண்டிருக்கும். கேட்பவர் அதனைத் தூக்கும்வரை ஒலி முடிவதில்லை. 1979 முதல் ஜப்பானியரான மசாமி அக்கிட்டா 'மேர்ஸ்போ' என்ற பெயரில் இத்துறையை வளர்த்தார். எனினும் றுசோலோ நாடியது ஒலிகளின் பன்மையை. அக்கிட்டாவின் படைப்புகளில் ஒலி வெடித்தும் முறிந்தும் திசைமாறியும் செல்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தனி வகையாக உருப்பெற்ற இரைச்சற் சுவரில் இவ்வசைவும் நின்றுவிடுகிறது.

இவ்வகையில் நன்கு அறியப்பட்டவர் 'வொமீர்' என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞரான றொமேன் பெறோ. ஆழ்ந்த உறுமலும், அதன்மேல் இடையறாத பொரிவொலியும் ஒன்றாகி, சில பதிவுகளில் ஒரு மணிநேரத்துக்கும் மேலாக ஏற்ற இறக்கமின்றி நீடிக்கின்றன. அவரது அரங்குகளில் தலையை மூடிக்கொள்வதற்கெனக் கறுப்புப் பிளாஸ்ரிக் பைகள் அவையினருக்கு வழங்கப்படுவதுண்டு. அப்போது அருகிலிருப்பவரும் மறைந்துவிட, ஒவ்வொருவரும் ஒலியோடு தனித்து விடப்படுகின்றனர். கருநாடக இசையின் ஆதாரசுருதியும் மாறாது நிற்பதுதான். ஆயின் சுருதி பாடகரின் வருகைக்காக நிற்பது. இங்கு பாடகர் வருவதேயில்லை.

இசைக்கும் உழைப்புக்குமுள்ள உறவை ஆராய்ந்தவர்கள் சந்தத்திலிருந்தே தொடங்கினர். ஜேர்மானியப் பொருளியலாளரான கார்ல் பியூக்கர் 1896இல் 'உழைப்பும் சந்தமும்' என்ற நூலில், கூட்டு உழைப்பின் ஒத்திசைந்த அசைவோடு பாட்டைத் தொடர்புபடுத்தினார். பேராசிரியர்கள் கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் பேர்மிங்காமில் ஆசானாக விளங்கிய யோர்ஜ் தொம்சனும் கவிதையின் தோற்றத்தை இவ்வழியிலேயே நோக்கினார். ஏலேலோ பாடுவோருக்கும் அருவி வெட்டுவோருக்கும் இது பொருந்தும். தனித்திருந்து இரவிற் பணிபுரிபவனுக்கு இது எங்ஙனம் பொருந்தும்? அவனோடு சேர்ந்து இழுக்கும் கை வேறில்லை. இயந்திரத்தின் கதி அவனுடைய கதியுமன்று.

இரவு வேலை மனித இயல்பிலிருந்து பிறந்ததன்று. 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867), வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இதன் காரணத்தைத் தெளிவுபடுத்தினார். உலையும் இயந்திரமும் இரவிற் சும்மா கிடப்பது முதலாளிக்கு நட்டம். ஆதலால் ஆட்கள் முறைமாறி நாள் முழுவதையும் நிரப்பவேண்டியவராயினர். தன்னியக்கம் பெருகியபின் இரவுப் பணிகள் பலவற்றின் உள்ளடக்கம் செய்தலிலிருந்து கவனித்தலுக்கு மாறியது. காவலாளியும், கட்டுப்பாட்டறையில் மானிகளை நோக்கியிருப்பவரும், கணினிகளின் இரைச்சலிடையே விழித்திருப்பவரும் எதுவும் நிகழாதிருப்பதற்காகவே அமர்த்தப்பட்டுள்ளனர். நிகழ்வின்மையே அவர்களது வேலையின் வெற்றி.

இரைச்சற் சுவர் கேட்பவரை இந்த இடத்திலேயே இருத்துகிறது. முதற் சில நிமிடங்களிற் செவி மாற்றத்தை எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்புத் தளர்ந்தபின் பொரிவொலியின் நுண்ணிய துகள்கள் புலப்படத் தொடங்குகின்றன. ஏதோ மாறியதெனத் தோன்றும். மாறியது ஒலியா, களைத்த செவியா எனத் துணிய இயலாது. நள்ளிரவு தாண்டியபின் காவலிருப்போர் அறிந்த மயக்கம் இதுவே. இரவு உழைப்பைச் சித்திரிப்பது பெறோவின் நோக்கமெனக் கொள்வது பொருந்தாது; அவர் முன்வைப்பது சமூகத்திலிருந்து விலகி ஒடுங்கும் நிலைப்பாட்டையே. எனினும் கலைஞனின் நோக்கத்தை மீறி வடிவம் தன் காலத்துக்குச் சான்றாவது இலக்கிய வரலாற்றிற் புதியதன்று.

இத்தகைய கலையை நசிவுக் கலையென ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர், அதிலுள்ள வெறுமை கலைஞரின் கற்பனையில் மட்டும் பிறந்ததெனக் கொள்கின்றனர். அவ்வெறுமையை எட்டு மணிநேரம் சம்பளத்துக்காகச் சுமப்போர் உள்ளனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அதேவேளை, இவ்விசையைப் போற்றுவோரும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. கேட்பவர் விரும்பினால் ஊசியைத் தூக்கலாம். பையைக் கழற்றிவிட்டு வெளியே செல்லலாம். இரவுத் தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இலும் மீண்டும் 2019இலும் இரவுமுறை வேலையைப் புற்றுநோயை விளைவிக்கும் சாத்தியம் மிக்கவற்றுள் வகைப்படுத்தியது. தூக்கமிழந்த உடலுக்கு இரவு அழகியல் அனுபவமாக மட்டும் அமைவதில்லை.

எனவே இரைச்சற் சுவரின் பலமும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. தனித்த உழைப்பின் மாறாமையை அலங்கரிக்காமல், இரக்கம் வேண்டாமல், கேட்பவரின் உடலே உணருமாறு முன்வைப்பது அதன் பலம். வரலாறு உண்டாக்கிய அந்த மாறாமையை இயற்கை விதிபோலத் தோன்றச் செய்வது அதன் குறை. சுவரைக் கட்டியவர்கள் உண்டு என்பதைச் சுவரே சொல்வதில்லை. அதனைக் கூறும் பொறுப்பு கேட்பவருக்கும் விமரிசனத்துக்கும் உரியது.