தாழம்பூவின் சாட்சி

திருவண்ணாமலையின் தலபுராணம் ஒரு வழக்கோடு தொடங்குகிறது. தம்மில் பெரியவர் யார் என்று பிரமனும் திருமாலும் வாதிட, அடிமுடி காணவியலா நெருப்புத் தூணாய்ச் சிவன் எழுந்தார் என்பர். அடியைத் தேடிச் சென்ற திருமால் தம் இயலாமையை ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி கூறிற்று. அதனால் அப்பூ சிவபூசைக்கு விலக்கப்பட்டது என்பது மரபு. பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையை அறிந்த நமக்கு இக்கதையின் உட்பொருள் அந்நியமன்று.

நம் விவிலியத்திலும் இத்தகைய வழக்கு உண்டு. சூசன்னாமீது பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என வினவுகிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அவர்கள் அகப்பட்டுக்கொள்கின்றனர். நீதிமன்றத் திரைப்படங்களின் ஈர்ப்பு முழுவதும் இந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது. வாளும் துப்பாக்கியும் வேண்டாம். தக்க இடத்தில் கேட்கப்படும் ஓர் எளிய கேள்வி போதும்.

தமிழ்த் திரையுலகமோ நீதிமன்றத்தைப் பெரும்பாலும் சொற்பொழிவு மேடையாகவே கண்டது. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யில், தங்கையிடம் தகாது நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கிய குணசேகரன் கூண்டில் நிற்கிறான். மு. கருணாநிதியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் குரலும் சேர்ந்து சமுதாயத்தையே குற்றவாளியாக்கின. 1984இல் வந்த ‘விதி’யின் வாதங்கள் ஒலிநாடாக்களில் பரவி, ஒலிபெருக்கிகளில் முழங்கின. ஏமாற்றப்பட்ட பெண்ணொருத்தி வெளிப்படையாக நீதி கேட்டது அன்று பெரிய செய்தி. இவற்றின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாம் கைதட்டியது பேச்சுக்கே. நன்றாகப் பேசத் தெரியாதவன் கூண்டில் நின்றால் அவனுக்கு நீதி உண்டா என்று நாம் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்ட படம், சிட்னி லூமெட் 1957இல் இயக்கிய ‘டுவெல்வ் ஆங்ரி மென்’. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனின் உயிர் பன்னிரண்டு நடுவர்களின் கையில் இருக்கிறது. ஏறக்குறையப் படம் முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. பதினொருவர் அவனைக் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போம் என்கிறார். இப்படத்தின் நுட்பமான இடம் முதியவர் ஒருவரின் சாட்சியம் பற்றியது. அவர் தீயவர் அல்லர். வாழ்நாளெல்லாம் எவராலும் பொருட்படுத்தப்படாதவர். ஒருமுறையேனும் தம் சொல்லுக்கு மதிப்பு வேண்டுமென்ற ஏக்கத்தில், காணாததைக் கண்டதாகத் தாமே நம்பியிருக்கலாம் என்று நடுவருள் மூத்தவர் உணர்த்துகிறார். பொய்ச்சாட்சி எப்போதும் வஞ்சகத்தில் பிறப்பதில்லை, தனிமையிலும் பிறக்கும். இவ்வளவு இரக்கத்தோடு பொய்யை ஆராய்ந்த படம் அரிது.

வஞ்சகத்தில் பிறக்கும் பொய்யை, பிரெட் ஜின்னமன் 1966இல் எடுத்த ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ காட்டுகிறது. திருத்தந்தையின் தலைமையை மறுக்கும் உறுதிமொழியை ஏற்காத தாமஸ் மூர்மீது, பதவிக்காக ரிச்சர்ட் ரிச் பொய்யுரைக்கிறான். 1535இல் மூரின் தலை வீழ்ந்தது. 1935இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. இங்கே மூரின் நாவன்மையைவிட அவருடைய மௌனமே ஆழமாகப் பேசுகிறது. பிலாத்துவின் முன் நின்றவரின் மௌனத்தை அறிந்தவர்க்கு அதன் பொருள் விளங்கும்.

த. செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) இவ்விரு மரபுகளுக்கும் நடுவே நிற்கிறது. 1993இல் காவல் துறையினரின் வதைக்குப் பலியானவர் ஒருவரின் வழக்கைத் தழுவியது அது. வழக்கறிஞராக வரும் சூர்யாவின் புகழொளி படத்தின் பெரும்பகுதியை ஆட்கொள்வது குறையே. எனினும் உயிர்நாடி அவரிடம் இல்லை. இருளர் பெண்ணான செங்கேணி, வழக்கைக் கைவிட்டால் பணம் தருகிறோம் என்று மேலதிகாரி சொல்லும்போது மறுத்துவிடுகிறாளே, அங்கே இருக்கிறது. இருளர் குடும்பங்கள் நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் வாழ்கின்றன. அத்தகையோர் ஒருவர் கூண்டேறி, “நான் கண்டேன்” என்று சொல்வதற்கு எத்தனை அச்சங்களைக் கடக்க வேண்டும்! அவர் திக்கித் திணறிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் மன்றமே நீதிமன்றம்.

ஆகவே இப்படங்களைக் காண்போர் வழக்கறிஞரின் வாயை மட்டும் பார்த்திருக்க வேண்டாம். சாட்சி சொல்பவரின் முகத்தையும் பார்க்கட்டும். கண்ணால் காணாததைத் தெருவிலும் கோவில் வாசலிலும் கண்டதுபோல் பேசும் நம் வழக்கத்தை அம்முகம் கேள்வி கேட்கும். விசுவாசத்துக்காக உயிர் தந்தோரைத் தமிழ்த் திருச்சபை ‘மறைசாட்சி’ என்றே அழைத்து வந்திருக்கிறது. கூண்டில் நிற்கும் எளிய சாட்சியும் புனிதரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது நம் மொழி நமக்குத் தந்த மறையுரை.