மறைப்பினூடே காணும் ஒளி

ஒளியைப் பற்றிப் பேசாத பிரசங்கபீடம் இல்லை. ஆயினும் ஒளியைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றோமா என்பது வேறு வினா. டெல்லியில் வாழும் ஓவியரும், வானியலில் ஆர்வலராக நெடுங்காலம் ஈடுபட்டு வருபவருமான ரோஹிணி தேவாஷர் 2023ஆம் ஆண்டில் படைத்த காணொளிப் படைப்பு இவ்வினாவை எழுப்புகின்றது. ‘நூறாயிரம் சூரியன்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய இது, நான்கு திரைகளில் ஒருசேர ஓடுவது.

இதன் மூலப்பொருள் நம் தமிழகத்தினின்று பெறப்பட்டதாகும். 1899இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் சூரியன் நாள்தோறும் படம்பிடிக்கப்பட்டு வருகின்றது. மேகம் மறைத்த நாள்கள் போக, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் விளிம்பை நோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். அப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை ஒரு நாளின் படம் காட்டாது. தலைமுறைகளின் பொறுமையே காட்டும்.

இப்படங்களோடு, சூரிய கிரகணங்களைத் தேடித் தாம் சென்று கண்ட பதிவுகளையும் தேவாஷர் இணைக்கின்றார். படைப்பின் உட்கருத்து இவ்விணைப்பில் விளங்குகின்றது. சூரியனை வெறுங்கண்ணால் நேரே நோக்கலாகாது. வடிகண்ணாடியோ தகடோ இடையில் வேண்டும். அதன் ஒளிவளையமோ, நிலவு சூரியனை முற்றும் மூடிய சில நிமிடங்களிலேயே கண்ணுக்குப் புலனாகும். ஆகவே மறைப்பு காட்சிக்குப் பகையன்று, காட்சிக்குத் துணையாகின்றது.

குறையும் ஒன்றுண்டு. நூறாயிரம் என்னும் எண்ணிக்கை தரும் வியப்பில், ஒரே ஒரு தகட்டுக்காக ஒருவர் காலைதோறும் காத்துநின்ற உழைப்பு மறைந்துவிடக்கூடும். நான்கு திரைகளுக்கிடையே கண் அலைகின்றது. ஒன்றில் தரித்து நிற்பதில்லை.

திருவண்ணாமலையில் பணிபுரியும் நமக்கு இச்செய்தி அந்நியமன்று. கார்த்திகை மாதத்து அந்திவேளையில் மலையுச்சித் தீபத்தை நோக்கி ஊரே தலைநிமிர்கின்றது. நண்பகலில் ஏற்றினால் அதை யார் காண்பர்? வடக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி இயங்கி வருகின்றது. அங்கே ஊர்விளக்குகளின் ஒளி இடையூறு, இருளே வேண்டப்படுவது.

நாமோ ஒளியென்றால் நன்மை, இருளென்றால் தீமை என எளிதாகப் பிரித்துப் போதிக்கின்றோம். அப்பிரிவினைக்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால், துக்க வீட்டில் அமர்ந்திருப்பவரிடம் அதை அவசரமாகச் சொல்லும்போது, அவருடைய இருளை அவரது குற்றமாக்கிவிடுகின்றோம். அவ்விருளில் அவர் எதையேனும் காணத் தொடங்கியிருக்கலாம். அருகே அமர்ந்து அவரோடு காத்திருப்பதும் ஊழியமே. இறையியல் மாணவர் இப்படைப்பைக் காண வாய்ப்புக் கிட்டுமாயின், ஒரு திரையையேனும் இறுதிவரை நோக்கியிருப்பாராக.