ஒளியை மறைக்காத துணை அயனி

மின்சுமையுள்ள பொருள்களைக் குரோமட்டோகிராஃபியில் பிரிக்கும் அயனி இணை முறைக்கு இரண்டு தாய்வீடுகள்: ஸ்வீடனின் உப்சாலா, ஸ்காட்லாந்தின் எடின்பரோ. 1970களில் யோரன் ஷில்லின் உப்சாலா குழு, மின்சுமையுள்ள மருந்து எதிர்ச்சுமையுள்ள துணை அயனியோடு ஜோடி சேர்ந்து, ஜோடியாகவே பிரிகிறது என்ற வழியில் சிந்தித்தது. எடின்பரோவில் ஜான் நாக்ஸ் 1976இல் செட்ரிமைடு என்ற சோப்பு போன்ற உப்பைக் கரைசலில் கலந்து சாயத் தொழிலுக்கான சல்ஃபோனிக் அமிலங்களைப் பிரித்து, அதற்குச் சோப்பு குரோமட்டோகிராஃபி என்று பெயரிட்டார். துணை அயனி முதலில் குழலின் நிரப்பியில் படிந்து அதையே அயனிப் பரிமாற்றியாக்குகிறது என்ற விளக்கம் பின்னர் வலுத்தது. ஆய்வகத்தில் எனக்குக் கைகொடுப்பது அதுதான். குழல் ஏன் இத்தனை மெதுவாகச் சமநிலைக்கு வருகிறது, அதை ஏன் அந்த ஒரு வேலைக்கே ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் விளங்கிவிடுகிறது.

பென்சீன் வளையம் போன்ற ஒளி உறிஞ்சும் பகுதி இல்லாத மருந்துக்கு கண்டறியும் புற ஊதா ஒளியின் அலைநீளத்தில் 200 முதல் 215 நானோமீட்டர் வரை இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே துணை அயனிக்குப் பிரிக்கும் திறமை மட்டும் போதாது, அது ஒளியை மறைக்காமலும் இருக்க வேண்டும். ஹெப்டேன், ஆக்டேன் சல்ஃபோனேட்டுகள் ஒளியை நன்றாக விடுகின்றன. காரத்தன்மையுள்ள மருந்துகளுக்கு என் முதல் தேர்வு அவைதான். ஆனால் அவை கரைய மெத்தனால் தோதானது, அதுவோ 205 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை மறைக்கும். 190 வரை தெளிவாக இருக்கும் அசிட்டோநைட்ரைல் மிகுந்தால் உப்பு படியக்கூடும். ஆகவே கரைப்பானையும் உப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமில மருந்துகளுக்கு டெட்ராபியூட்டைல் அம்மோனியம். இங்கே பலர் நேரயனியை மட்டும் பார்த்து, அதோடு வரும் எதிரயனியை மறந்துவிடுகிறார்கள். அயோடைடு கூடவே கூடாது. புரோமைடும் 210க்குக் கீழே உறிஞ்சும். ஹைட்ரஜன் சல்ஃபேட்டோ பாஸ்ஃபேட்டோ வாங்குங்கள். அல்லது ஹைட்ராக்சைடை பாஸ்ஃபாரிக் அமிலத்தால் நடுநிலையாக்குங்கள். புட்டியில் 'ஹெச்பிஎல்சி தரம்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி நின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு புதிய தொகுதியையும் கரைத்து, வேலை செய்யப்போகும் அலைநீளத்திலேயே நீருக்கு எதிராக அளந்து பார்ப்பதே சரியான தரம்.

பெப்டைடுக்காரர்களின் மரபு டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம். அதுவும் உறிஞ்சுகிறது, அசிட்டோநைட்ரைல் விகிதம் ஏறும்போது அந்த உறிஞ்சலும் மாறி அடிக்கோடு சாய்கிறது. கரிமக் கரைப்பானில் அமிலத்தைச் சற்றுக் குறைத்து, 215 ஒட்டிப் பார்ப்பது அவர்கள் கண்ட வழி.

துணை அயனி ஒளியை உறிஞ்சும் இதே குறையை உப்சாலாவினர் கருவியாக்கியதை நான் பெரிதும் மதிக்கிறேன். 1980களின் தொடக்கத்தில், வேண்டுமென்றே ஒளி உறிஞ்சும் அயனியைக் கரைசலில் வைத்து, உறிஞ்சாத பொருளை அந்த உறிஞ்சலில் அது உண்டாக்கும் மாற்றத்தால் கண்டார்கள்.

பெர்குளோரேட், ஹெக்ஸாஃபுளூரோ பாஸ்ஃபேட் போன்ற சிறிய அயனிகளைக் கையாளும் மரபு ஒளி விஷயத்தில் மிகத் தூய்மையானது. குழலும் விரைவில் சமநிலைக்கு வருகிறது. பெர்குளோரேட்டோடு பொட்டாசியம் பாஸ்ஃபேட் தாங்கல் கரைசல் மட்டும் சேரக் கூடாது. பொட்டாசியம் பெர்குளோரேட் எளிதில் கரையாமல் படிந்து வழியை அடைத்துவிடும். சோடியம் பாஸ்ஃபேட்டையே கையில் எடுங்கள்.