காவடிச் சிந்து: காலுக்கு எழுதிய தமிழ்

எங்கள் ஊருக்கு மூணு பேர். பஸ் போர்டில் பண்பொழி, கண்டக்டர் வாயில் பம்புளி, புலவர் பாட்டில் பைம்பொழில். எது சரி என்று யாராவது கேட்டால், ‘எங்க வச்சுக் கேக்கிய?’ என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றும். காவடிச் சிந்தைப் பற்றிய வாதங்களைப் படிக்கும்போதும் எனக்கு இதே கேள்விதான் வருகிறது.

அந்த வாதத்தில் ரெண்டு கட்சி உண்டு. காவடிச் சிந்து நாட்டுப்புறப் பாட்டு, ஜனங்களே பாடியது, அதற்கு ஆசிரியர் எதற்கு என்பது ஒன்று. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்தான் ‘காவடிச் சிந்தின் தந்தை’, அவரிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்பது இன்னொன்று. முதல் கட்சி ரெட்டியாரின் படிப்பை மறைக்கிறது. இரண்டாவது கட்சி அவருக்கு முன்னால் நடந்த கால்களை மறைக்கிறது.

ரெட்டியார் 1865இல் பிறந்து 1891இல் இறந்தவர். சென்னிகுளம் சங்கரன்கோவில் பக்கம். 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபிறகு அவர் ஊரும் எங்கள் ஊரும் ஒரே மாவட்டம். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநடைக்காகப் பாடியவைதான் இந்தச் சிந்துகள் என்று சொல்வார்கள். அது நடந்த கதையோ, பிறகு சேர்ந்த கதையோ, பாட்டின் அமைப்பு அதற்கு ஒத்துப்போகிறது. இவை உட்கார்ந்து கேட்பதற்கான பாட்டுகள் அல்ல. தோளில் பாரம் இருப்பவனுக்கான பாட்டுகள். வழிநடைச் சிந்து என்று ஒரு வகையே முன்னால் இருந்தது. நடக்கிறவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ரெட்டியார் அந்த நடையை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் பாமரர் இல்லை. திருவாவடுதுறைக்குப் போய் உ.வே.சா.விடம் பாடம் கேட்டவர், சங்கரன்கோவில் மேல் திரிபந்தாதி பாடியவர். திரிபு என்றால் முதல் எழுத்து மட்டும் மாறி, அடுத்த எழுத்துகளெல்லாம் அடிதோறும் ஒத்து வந்து, பொருள் மட்டும் வேறாக வேண்டும். சொல்லைக் கசக்கிப் பிழியும் வித்தை. அந்தக் கை சிந்துக்கு வந்ததும் அடுக்கடுக்காக இயைபு விழ ஆரம்பித்தது. இதைப் பலர் அலங்காரம் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது அடையாளக் கல்லாகத் தெரிகிறது. ஒத்த ஓசை திரும்ப வரும் இடத்தில் கால் விழ வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விடலாம்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். கழுகுமலையின் ஊர் வளம், கோயில் வளம் சொல்லும் இடங்களில் சொல் குவிகிறது, மூச்சு முட்டுகிறது. ஆனால் ஒரு பெண் முருகனையே அதட்டும் பாட்டு ஒன்று இருக்கு. இன்னும் கலியாணமே ஆகலை, அதுக்குள்ள பயமில்லாம கையைப் பிடிக்க வாறியே, இது என்ன தொந்தரவு என்கிற தொனி. வினைமுற்றுகள் ஏட்டுத் தமிழில்தான் இருக்கின்றன. குரல் மட்டும் தெருக்குழாயடிக் குரல். கொச்சைச் சொல் அதிகமில்லாமலே பேச்சுத் தமிழ் கேட்கிறது. ரெட்டியாரின் சாமர்த்தியம் முழுக்க இந்த ஒரு பாட்டில் கிடைக்கும்.

பேர் தெரியாதவர்கள் பாடிய காவடிப் பாட்டுகளில் கதை வேறு. அங்கே பேச்சு வடிவம் நேராகவே வருகிறது. எங்கள் திருமலைக்கோயில் படியேறும்போது ஆச்சி வயசுப் பெண்கள் பாடுவதில் முருகன் ‘வாராரு’. அடிவாரத்தில் நான் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஒன்றில் அதே இடத்தில் ‘வருகின்றார்’. திருத்தியவர் நல்லெண்ணத்தில்தான் திருத்தியிருப்பார், சாமிக்குக் கொச்சைத் தமிழ் ஆகாது என்று.

இங்கே கொஞ்சம் யாப்புப் பேசணும். இரா. திருமுருகன் ‘சிந்துப் பாவியல்’ எழுதியவர். அவர் விளக்கும் கணக்கு எளிது: சிந்தில் குறிலோ நெடிலோ ஓர் எழுத்துக்கு ஓர் அசை, புள்ளி வைத்த மெய் கணக்கில் வராது. வெண்பாவின் நேர், நிரை இங்கே செல்லாது. இப்போது எண்ணிப் பாருங்கள். வா, ரா, ரு: மூணு. வ, ரு, கி(ன்), றா(ர்): நாலு. காவடிச் சிந்துக்கு இயல்பான நடை மும்மை, தகிட தகிட. ‘வாராரு’ ஒரு தகிடவில் அளவெடுத்ததுபோல் உட்காருகிறது. நீண்ட ‘வா’ கால் ஊன்றும் இடத்தில் விழுகிறது. ‘வருகின்றார்’ வழிந்துவிடுகிறது. பாடத் தெரிந்தவர் இழுத்தோ அமுக்கியோ சமாளிப்பார்தான். ஆனால் ஊன்றும் இடத்தில் ‘வ’ என்று ஒரு குறில் நொண்டும். புத்தகத்தைப் பார்த்துப் பாடும் பிள்ளைகள் படியில் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். வடிவேலு காமெடி மாதிரி ஒரு படி தாண்டி ஒரு படி.

ஆகவே பேச்சு வழக்கை ‘மண் வாசனை’ என்று மெச்சுவது எனக்குப் போதவில்லை. ‘வாராரு’ அங்கே இருப்பது வாசனைக்காக இல்லை, அளவுக்காக. 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்த நா. வானமாமலை பேச்சு வடிவத்தை அப்படியே அச்சில் விட்டார். அறுபது வருஷம் கழித்தும் அடிவாரப் பதிப்பாளருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

கூடவே, ‘மக்கள் பாட்டு’ என்று உருகுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்த மக்கள்? ரெட்டியார் இறந்து நாலு வருஷம் கழித்து, 1895இல், அதே கழுகுமலையில் தேரோடும் வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா என்ற தகராறு கலவரமாகி உயிர்ப்பலி வரை போனது. வழிநடைப் பாட்டுக்குப் பேர்போன ஊரில் வழியில் நடப்பதே வழக்காக இருந்திருக்கிறது. சிந்தின் தாளம் யார் காலுக்கும் பொருந்தும்; தெரு அப்படி இல்லை. இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டுகளின் ஜனநாயகத்தைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

கழுகுமலை அப்போது எட்டயபுரம் ஜமீனில் இருந்தது. கலவரம் நடந்தபோது எட்டயபுரத்துப் பையன் ஒருவனுக்குப் பதின்மூன்று வயசுகூட ஆகவில்லை. பின்னாளில் ‘பாஞ்சாலி சபத’த்துக்கு அவன் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது நொண்டிச் சிந்து. ஜனங்களுக்குப் பிடித்த மெட்டு, எளிய நடை என்று முன்னுரையில் காரணமும் சொன்னான். பாரதியின் அந்த முன்னுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அந்த மெட்டுகள் அவன் காதுக்கு எந்தத் தெருவில், யார் நடந்துபோகையில் வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்தவர்கள் குறைவு.