நடு ஓவர்களில் தெரியும் ஆட்டம்

ஒருநாள் கிரிக்கெட்டில் முதல் 10 ஓவர் முடியும்வரை வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். துணிச்சல் உள்ள எந்த ஓப்பனரும் அந்த நேரத்தில் ரன் எடுத்துவிடுவார். 11வது ஓவரில் களம் விரிகிறது, சுழல் வருகிறது, பந்தின் பளபளப்பு போகிறது. அடுத்த 30 ஓவரில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துத்தான் நான் அவரை எடைபோடுவேன்.

கடந்த பத்துப் பதினொரு வருடங்களில் வந்த மிகுபுனைவு நாவல்களையும் அறிவியல் புனைகதைகளையும் இதே கண்ணோடுதான் படித்துவருகிறேன். புதிய உலகம், புதிய விதிகள், கேள்விப்படாத பெயர்கள் என்று முதல் நூறு பக்கத்துக்கு வாசகரின் ஆர்வமே எழுத்தாளருக்கு ரன் சேர்த்துக் கொடுக்கும். இருநூறாவது பக்கத்தில் அந்த உலகம் நமக்குப் பழகிவிடும். நான் கையில் எடுத்த புத்தகங்களில் பாதி அங்கேதான் விக்கெட்டைப் பறிகொடுத்தன.

தொடக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) முன்வரிசையில் நிற்கும். டிராகன் மேல் ஏறிப் போரிடுபவர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் கதை நடக்கிறது. உள்ளே நுழைவதற்கே ஒரு குறுகலான கல்பாலத்தின் மேல் நடந்து கடக்க வேண்டும். கால் தவறினால் சாவு. சுலபமாக மூட்டு விலகிவிடும் உடம்போடு நாயகி வயலெட் அந்தப் பாலத்தில் அடியெடுத்து வைக்கும் அத்தியாயத்தை நான் மூச்சுப் பிடித்துத்தான் படித்தேன். அதே ஆண்டு நவம்பரில் அதன் தொடர்ச்சியான 'அயர்ன் ஃபிளேம்' வந்தது. இடைவெளி ஆறே மாதம். அதில் வயலெட்டும் அவள் காதலன் ஸேடனும் 'என்னிடம் ஏன் மறைத்தாய்' என்ற ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒவ்வொரு சண்டையும் ஒரு டாட் பால். கடைசி ஓவர்களில் சிக்ஸர்கள் பறக்கின்றன, ஸ்கோரும் ஏறுகிறது. ஆனால் நடுவே இருநூறு பக்கம் ஆட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

என்.கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' முத்தொகுதியை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து, சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்றன. தொடர்ந்து இரண்டு முறை வென்றவர்கள் முன்பே உண்டு: 1986, 1987ல் ஆர்சன் ஸ்காட் கார்ட், 1991, 1992ல் லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட். மூன்றாவதைத் தொட்டவர் ஜெமிசின் ஒருவர்தான் என்பதால் எல்லோரும் அந்தச் சாதனையைப் பற்றியே பேசுகிறோம். எனக்குப் பேச வேண்டியது நடுப் பாகமான 'தி ஒபெலிஸ்க் கேட்' பற்றி.

நிலநடுக்கத்தை எழுப்பவும் அடக்கவும் வல்லவள் எஸ்ஸுன். மகனை அடித்துக் கொன்றுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போன கணவனைத் தேடி முதல் பாகத்தில் அவள் நடையாய் நடக்கிறாள். இரண்டாம் பாகத்தில் நின்றுவிடுகிறாள். பூமிக்கடியில், படிகக் குகைக்குள் இருக்கும் காஸ்ட்ரிமா என்ற ஊரில் தங்குகிறாள். இருப்பில் எவ்வளவு உணவு உண்டு, யாரை நம்பலாம், யார் யாரோடு சேர்ந்து வாழ முடியும் என்ற அன்றாடக் கவலைகள்தான் அங்கே கதை. வேகம் குறைந்துவிட்டது என்று இந்தப் பாகத்தைக் குறைசொல்பவர்கள் உண்டு. நான் இதற்குத்தான் எழுந்து நின்று கைதட்டுவேன். நடந்துகொண்டே இருந்தவரைக்கும் அவளுக்குத் துக்கப்படக்கூட நேரம் இருக்கவில்லை. நின்ற பிறகுதான் அழுகையும் குற்ற உணர்ச்சியும் அவளை எட்டிப் பிடிக்கின்றன.

மறுமுனையில் மகள் நாஸ்ஸுன் நிற்கிறாள். தம்பியைக் கொன்ற அப்பாவோடு, அவர் மனம் கோணாமல் பேசிப் பேசியே உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அந்தச் சின்னப் பெண் பழகுகிறாள். அம்மா அவளுக்கு வித்தை கற்றுக்கொடுத்தபோது அவள் கையை ஒடித்திருக்கிறாள் என்பது அங்கேதான் நமக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவரை எஸ்ஸுனின் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தவன் நான். ஆரவாரமான ஷாட் ஒன்றுகூட ஆடாமல், முனை மாற்றி முனை மாற்றி, ஒவ்வொரு ரன்னாக எடுத்து இந்த இடத்துக்கு ஜெமிசின் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் பாகத்தில் தாயும் மகளும் எதிரெதிரே நிற்கும்போது நம் நெஞ்சு பதறுகிறதென்றால் அதற்கான ரன்கள் காஸ்ட்ரிமாவில் எடுத்தவை.

ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்' (2015) சந்தித்த சிக்கல் வேறு. 2016ல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற இந்த நாவலில், ஒரு தொலைதூரக் கோளில் சிலந்திகள் அறிவு பெற்று நாகரிகம் கட்டி எழுப்புகின்றன. கதை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீள்கிறது. நாம் நேசிக்கத் தொடங்கும் பாத்திரம் அடுத்த பகுதியில் உயிரோடு இருக்காது. இதற்குச் சாய்கோவ்ஸ்கி கண்ட வழி எளிமையானது: ஒவ்வொரு தலைமுறையிலும் முக்கியமான சிலந்திகளுக்குப் போர்ஷியா, பியாங்கா, ஃபேபியன் என்று அதே பெயர்கள். ஆள் மாறினாலும் ஜெர்ஸி எண் மாறவில்லை. பெண் சிலந்திகள் ஆண்களைத் தின்னும் சமூகத்தில், உயிர்வாழும் உரிமை கேட்டு ஒரு ஃபேபியன் நிற்கும்போது அவன் முன்னோர்களான எல்லா ஃபேபியன்களும் அவன் பின்னால் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. மனிதர்கள் பயணிக்கும் விண்கப்பலின் கதை அந்த அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை. நீண்ட உறக்கத்திலிருந்து அவர்கள் எழும்போதெல்லாம் அங்கே ஓர் அதிகாரச் சண்டை காத்திருக்கிறது.

பிராண்டன் சாண்டர்சனின் 'விண்ட் அண்ட் ட்ரூத்' (2024) 1,300 பக்கங்களைத் தாண்டும். பத்து நாட்களில் நடக்கும் கதையைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். களத்தில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் இரண்டு ஓவர் முழுதாகக் கொடுக்காமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஸெத் என்ற பாத்திரம் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பும் பகுதி மட்டும் என்னோடு தங்கியது. ஆர்கடி மார்ட்டினின் 'எ மெமரி கால்டு எம்பயர்' (2019) எனக்கு அதைவிட நெருக்கம். தனக்கு முன்னிருந்த தூதரின் நினைவைத் தலைக்குள் சுமந்து பேரரசின் தலைநகருக்கு வருகிறாள் மஹித். அந்த நினைவோ 15 ஆண்டு பழையது. தன் ஊரை விழுங்கக்கூடிய பேரரசின் கவிதைகள்மேல் அவளுக்கு இருக்கும் தீராத காதல், நாவல் முழுவதற்கும் ரன் ரேட் குறையாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது நல்ல ஃபார்மில் இருப்பவர் ராபர்ட் ஜாக்சன் பென்னட். 'தி டெயின்டட் கப்' 2025ல் ஹியூகோ வென்றது. மழைக்காலம்தோறும் கடலிலிருந்து மலை போன்ற விலங்குகள் கரையேறி வரும் பேரரசு. ஓர் அதிகாரியின் உடலைப் பிளந்துகொண்டு மரம் முளைத்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசிக்கும் ஆனாவும், பார்த்த எதையும் மறக்காத உதவியாளன் டின்னும் துப்பறிகிறார்கள். ஒவ்வொரு விசாரணையும் கொலையைப் பற்றி ஒன்று, அந்த நாட்டைப் பற்றி ஒன்று என்று இரண்டு ரன் தருகிறது. அடுத்த புத்தகமான 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்' (2025) விலங்குகளைத் தடுக்கும் கடற்கரை மதில்களை விட்டு, அவற்றின் சடலங்களை அறுத்து ரத்தம் எடுக்கும் ஊருக்குப் போகிறது. ஆடுகளத்தை மாற்றியும் ஆட்டம் தளராதது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கடைசியாக, கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). நெபியூலா விருது பெற்ற நாவல். நாயகன் பெயர் ஃபெட்டர். தளை என்று பொருள். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கும் அதே பொருளைத்தான் சொல்வார்கள். பிறந்த உடனே அம்மா அவன் நிழலைப் பிய்த்தெடுத்துவிடுகிறாள். மகானாகிய அப்பாவைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். இப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகு பழிவாங்கல் கதையைத்தான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஃபெட்டர் ஒரு பெருநகரத்துக்குப் போய் அந்த வேலையையே கைவிட்டுவிடுகிறான்.

நடுப்பகுதியில் அரசாங்கம் ஆட்களை இனம், சாதி என்று பதிவேடுகளில் பிரிக்கிறது. கலவரம் வருகிறது, கொள்ளைநோய் வருகிறது. ஃபெட்டர் முகாம்களுக்குள் சிக்குகிறான். ஒரு முகாமைக் கடந்தால் இன்னொரு முகாம். கதை திசை தவறி அலைகிறது என்று நண்பர் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். எனக்கு இலங்கையின் 1983 ஜூலைக் கலவரமும் 2009ன் மெனிக் ஃபார்ம் முகாமின் முள்வேலியும் கண்முன் வந்தன. அங்கே அடைபட்டவர்களுக்கு மட்டும் எந்தத் திசை இருந்தது? கதையைச் சொல்லும் குரல் யாருடையது என்பது நாவலில் வெகு தாமதமாகத்தான் தெரிகிறது. அது தெரிந்த அன்று இரவே முகாம் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய், மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.