சிக்கரிக்கு ஒரு வக்காலத்து

டேஸ்ட்அட்லஸ் என்கிற உணவு வழிகாட்டி 2024இல் உலகின் சிறந்த காப்பிகளை வரிசைப்படுத்தி, கியூபாவின் எஸ்பிரெஸோவுக்கு அடுத்த இடத்தில் நம்முடைய ஃபில்டர் காப்பியை வைத்தது. அதிலிருந்து காப்பியைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அந்த இரண்டாம் இடத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. ஏதோ நேற்றுவரை நாம் குடித்ததற்கு யாரோ ரசீது கொடுத்துவிட்ட மாதிரி.

பெருமைப்பட விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் ஃபில்டருக்கு மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம். இரவில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தால் காலையில் டிகாக்‌ஷன் தயார். இத்தாலிய இயந்திரத்தின் ஆவிக்குழாய் பாலுக்குச் செய்கிற வேலையை, ஒரு முழத்துக்கு ஆற்றுகிற மாஸ்டரின் இரண்டு கைகள் செய்துவிடுகின்றன. டபராவில் சூட்டை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல பால் கிடைத்தால் இந்த ஏற்பாட்டுக்கு உலகில் அதிகம் போட்டி இல்லை.

ஆனால் பாராட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாதமும் உள்ளே வந்துவிட்டது. சிக்கரி கலப்பதுதான் தென்னிந்தியக் காப்பியின் தனித்தன்மை, அது நம் மரபு, அதைக் குறை சொல்பவர்கள் வெள்ளைக்காரன் நாக்கைக் கடன் வாங்கியவர்கள் என்கிறார்கள். பட்டியல் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சிக்கரியோடு எனக்கு வழக்கு உண்டு. இப்போது அது மரபு என்ற வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

எந்த மரபு? 1806இல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தை முடக்கப்போய், காப்பி வரத்து சுருங்கிய பிரான்ஸில் சிக்கரி வேரை வறுத்துக் கலக்கும் வழக்கம் பெருகியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் அடைபட்டபோது அங்கேயும் அதுவே கைகொடுத்தது. தட்டுப்பாட்டுக் காலத்து ஒட்டுவேலை அது. முதல் பரிசு வாங்கிய கியூபாவிலேயே 2011இல் ரேஷன் காப்பித்தூளில் மறுபடி பட்டாணியைக் கலக்கத் தொடங்கினார்கள். அங்கே மக்கள் முணுமுணுத்துக்கொண்டு குடிக்கிறார்கள். பட்டாணியைப் பண்பாடு என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் கொட்டையை வீட்டிலேயே வறுத்து, கைமிஷினில் அரைத்து, 'எங்காத்துல சிக்கரி கிடையாது' என்பதைத்தான் அந்தஸ்தாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்த அந்தஸ்துக்குள் சாதியும் இருந்தது, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மரபுதான் சாட்சி என்றால் அந்தச் சாட்சி சிக்கரிக்கு எதிராகத்தான் பேசுகிறது.

அடுத்தது கெட்டி வாதம். சிக்கரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டிகாக்‌ஷன் மெல்ல இறங்குகிறது, நிறம் ஏறுகிறது என்பது உண்மை. அந்தக் கெட்டி யாருடையது என்பதுதான் கேள்வி. காப்பித்தூளில் மூன்றில் ஒரு பங்குகூட வெந்நீரில் கரையாது. வறுத்த சிக்கரியில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கியிருக்கிறது என்று மெச்சும்போது பாதி மெச்சல் வேருக்குப் போகிறது. அதில் கஃபீனும் கிடையாது. சிக்கரி தாராளமாக விழுந்த இரண்டு டம்ளரைக் குடித்தும் தலைவலி விடவில்லை என்கிறவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன் தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.

காப்பியில் எதுவுமே சேர்க்கக் கூடாது என்கிற வைதிகம் எனக்கில்லை. அரேபியர்கள் ஏலக்காய் போடுகிறார்கள்; வியட்நாமில் சொட்டுச் சொட்டாக இறங்கும் கறுப்பின் அடியில் கெட்டிப்பால் காத்திருக்கிறது; கியூபாவில் முதல் சொட்டுகளோடு சர்க்கரையை அடித்து நுரைக்கிறார்கள். ஏலக்காய் ஏலக்காயாகவே மணக்கிறது, சர்க்கரை சர்க்கரையாகவே இனிக்கிறது. சிக்கரி மட்டுந்தான் காப்பியின் நிறத்தையும் கசப்பையும் போட்டுக்கொண்டு காப்பியாகவே நடிக்கிறது. அதன் பயன் முழுக்க அந்த நடிப்பில்தான் இருக்கிறது. எத்தியோப்பியாவில் விருந்தாளியின் கண்ணெதிரே பச்சைக் கொட்டையை வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கக் கொடுத்து, அப்புறம்தான் இடிக்கிறார்கள். உள்ளே என்ன போகிறது என்று குடிப்பவருக்குத் தெரிகிறது.

நமக்குத் தெரிவதில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. சிக்கரி செய்த பெரிய சேதம் இதுதான். ஏற்காட்டிலும் பழனி மலையிலும் மர நிழலில் விளையும் அராபிகாவுக்கு மெல்லிய புளிப்பும் பழ வாசனையும் உண்டு. அதைக் கரிய வறுத்து, நூற்றுக்கு முப்பது சிக்கரியும் சேர்த்துவிட்டால், மலிவான ரோபஸ்டாவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த நாக்காலும் முடியாது. மாம்பழத்தில் இமாம்பசந்தா, பங்கனப்பள்ளியா என்று கேட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். காப்பிப்பொடிக் கடையில் விவரமானவர் என்று பெயரெடுத்தவர்கூட 'பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி, சிக்கரி இருபது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பிளான்டேஷன் ஏ என்பது கொட்டையின் அளவையும் பதப்படுத்திய விதத்தையும் சொல்லும். எந்த மலை, எந்தத் தோட்டம் என்று சொல்லாது. கதீட்ரல் சாலையில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் காப்பியை நினைத்துக் கோபாலபுரத்தில் இன்னும் உருகுகிறார்கள். உருகுகிறவர்களிடம் அதில் என்ன கொட்டை, எத்தனை சிக்கரி என்று கேட்டுப்பாருங்கள். காரில் உட்கார்ந்தபடி குடித்ததைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார்கள்.

ஏழை எளியவருக்குக் கட்டுப்படியாக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் குறைவு. காப்பி விலை ஏறும்போது 60-40 பாக்கெட் வாங்குகிற குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நியாயத்தை ஏ.சி. ஓட்டல் கடன் வாங்கக் கூடாது. பித்தளை டபராவுக்கும் வாழைத் தோரணத்துக்கும் சேர்த்து விலை வைக்கிற இடத்தில் சிக்கரி ஏழைக்காகக் கலக்கப்படுவதில்லை. இன்னொரு பக்கம், கண்ணாடிக் குடுவையில் ஒற்றைத் தோட்டத்துக் காப்பியைப் பாலின்றி வடித்துத் தரும் புதுக் கடைகள், தோட்டத்தின் பெயர் முதல் வறுத்த தேதி வரை எழுதி வைக்கின்றன. அவர்கள் காப்பி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, பாலில்லாமல் என்ன காப்பி? ஆனாலும் அந்த எழுதிவைக்கிற பழக்கத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

சட்டம் தன் பங்குக்குக் கொஞ்சம் செய்திருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். 49 வரை வேரை அனுமதிப்பது தனி வேடிக்கை, போகட்டும். பாக்கெட்டைப் பிரித்து ஓட்டல் அடுப்படியில் கொட்டியதும் அந்த எண்ணும் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. டம்ளருக்கு லேபிள் கிடையாது.

ஓட்டல்கள் விலைப்பட்டியலில் ஃபில்டர் காப்பிக்குப் பக்கத்தில் காப்பி எத்தனை, சிக்கரி எத்தனை என்ற இரண்டு எண்களையும் எழுதட்டும். சிக்கரி கலக்காதது ஒரு விலை, 70-30 இன்னொரு விலை என்று இரண்டையும் போடட்டும். தோசைக்கு மேல் சீஸைத் துருவிப் போட்டுக் கூடக் காசு வாங்கத் தெரிந்த ஓட்டல்காரர்களுக்கு இது பெரிய கணக்கில்லை. சிக்கரிக் காப்பிதான் அதிகம் விற்கும் என்று நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். விற்கட்டும், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு விற்கட்டும்.