நந்தியின் காதும் குங்குமக் கையும்

கொங்குநாட்டில் சிவன் கோயிலுக்குப் போய் வளர்ந்த பிள்ளைகளில், நந்தியின் காதில் எதையாவது கேட்காமல் திரும்பியவர்கள் குறைவு. “கண்ணு, அந்தப் பக்கத்துக் காதைப் பொத்திக்கிட்டுச் சொல்லு” என்று அமுச்சி சொல்லிக் கொடுப்பார். எட்டாத பிள்ளையை அப்பிச்சி தூக்கிப் பிடிப்பார். பரீட்சையோ புது சைக்கிளோ, மனு உள்ளே போய்விடும்.

கோவையை அடுத்த பேரூரில் இதைச் செய்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவ்வூர்ச் சிவனான பட்டீஸ்வரர் வயலில் நாற்று நடுபவராக ஒளிந்துகொண்டபோது சுந்தரர் தேடி வந்தார். சொல்லாதே என்று எச்சரித்தும் நந்தி காட்டிக் கொடுத்துவிட்டது. கோபத்தில் சிவன் மண்வெட்டியால் அதன் தாடையில் அடித்தார் என்பது ஊர் அறிந்த கதை. நாற்று நடவுத் திருவிழா இன்றும் அங்கே நடக்கிறது. ரகசியம் காக்கத் தெரியாமல் அடி வாங்கிய நந்தியிடம் ரகசியம் சொல்கிறோம்!

பகுத்தறிவைக் கொண்டு இந்தப் பழக்கத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாம். பாஸானால் நந்தி அருள், ஃபெயிலானால் காதைச் சரியாகப் பொத்தவில்லை என்ற கணக்கு பிள்ளைக்கு நல்லதல்ல. ஆனால், நம் ஆகமக் கோயில்களில் மூலவரை அர்ச்சகர் தவிர யாரும் தொட முடியாது. காசியில் தொடும் வழக்கம் உண்டு, இங்கே தூரத்திலிருந்து கும்பிட வேண்டியதுதான். அந்த இடைவெளியைப் பிள்ளைகள் கடந்தது நந்தியையும் தூண் சிற்பங்களையும் அரசமரத்தடிப் பிள்ளையாரையும் தொட்டுத்தான். உச்சி வெயிலிலும் கருங்கல் மண்டபத்துக்குள் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, யானைத் தும்பிக்கையின் வளைவு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் விரல் வழியாகவே மனதில் ஏறியது. இந்தப் பாடம் எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

குறை என்று நான் நினைப்பது வேறு. அதிர்ஷ்டம் இருக்கும் இடத்துக்குக் கை போகிறது, கண் போவதில்லை. பேரூர்க் கனகசபையில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலச் சிற்பிகள் வடித்த யானை உரி போர்த்த மூர்த்தியும் அகோர வீரபத்திரரும் ஆலங்காட்டுக் காளியும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பலன் எதுவும் ஒட்டவைக்கப்படாததால், காதில் வேண்டுதல் சொன்ன கூட்டம் நிமிர்ந்து பார்க்காமல் நடந்துவிடுகிறது.

இன்னொரு குறை, கை சும்மா போவதில்லை என்பது. வெரோனா நகரில் ஜூலியட்டின் வெண்கலச் சிலையை ஆசைக்குத் தொட்டுத் தொட்டே விரிசல் விட வைத்தார்கள். 2014இல் அதை எடுத்துவிட்டு நகல் வைத்தார்கள். கருங்கல் அவ்வளவு எளிதில் தேயாது. விரல்களுக்கு அஞ்சாத அந்தக் கல்லை எண்ணெயும் குங்குமமும்தான் கெடுக்கின்றன. பிசுக்கில் தூசி ஒட்டி, நகைகளின் நுண்ணிய வேலைப்பாடு அடைந்துபோகிறது. அதை எடுக்கிறோம் என்று பல கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்தபோது கல்லின் மேல்தோலே உரிந்தது. எதிர்ப்பு வந்து, பிறகு தடையும் வந்தது. மதுரையில் காளி மீதும் ஊர்த்துவ தாண்டவர் மீதும் எறிந்த வெண்ணெய் உருண்டைகள் தாடையிலும் தோளிலும் அப்பிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதை நிறுத்தியது சரியான முடிவு.

ஆனால் கம்பி வேலி போட்டு எல்லாக் கைகளையும் தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பிரகாரத்தில் நின்று கவனித்தால் தெரியும்: மிஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் கொட்டப் பலருக்கும் கிடைப்பது பக்கத்துத் தூண் சிற்பத்தின் பாதம்தான். பக்திக்காக அல்ல, வேறு இடமில்லை என்பதால். மண்டபத்துக்கு ஒரு கிண்ணம் தூணருகே வைத்து, நாள்தோறும் காலி செய்தால் பாதிக் கறை குறையும். நந்தியின் காது பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.